ஏரி மண்ணில் படுத்த வைகிங்

போன வாரம் உங்களில் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு கலைஞரைக்கூட முழுதாகக் கூட்டிப்போய் வரவில்லை, அதற்குள் சந்தேகம். "மேடம், வெளிநாட்டுக்காரங்க எசகுபிசகா ஏதாச்சும் சொல்லிட்டா, அப்படியே தமிழ்ல சொல்லணுமா? இல்ல கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லலாமா?" என்று கேட்டாள். நான் அப்போது ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். காதும் இப்போதெல்லாம் பாதிதான் கேட்கிறது. அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது. உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது காஞ்சிபுரத்துத் தறிக்காரக் குடும்பம். தறியில் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது, வாய் மட்டும் நன்றாக ஓடும் என்று நைனா திட்டுவார். அந்த வாயை வைத்துத்தான் பிழைத்தேன். கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்தபிறகு, வெளிநாட்டுக் கலைஞர்களைச் சுற்றுவட்டார ஊர்களுக்குக் கூட்டிப்போவது, வேலைக்கு ஆள் பிடிப்பது, இவர்கள் பேச்சை அவர்களுக்கும் அவர்கள் பேச்சை இவர்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றே காலம் ஓடிவிட்டது. வண்டி பிடிப்பது, சாப்பாடு சொல்வது, அனுமதி வாங்குவது எல்லாம் போகப்போக உங்களுக்கே கைவந்துவிடும். அதைப் பேசி உங்கள் உயிரை வாங்கப்போவதில்லை.

கடைசிச் சில வருடங்களில் ஸ்வீடன், நார்வே, டென்மார்க் பக்கத்து ஆட்கள் நிறைய வந்தார்கள். அந்த நாடுகள் என்றால் நமக்கு என்ன தெரியும்? பனி, வெள்ளைத்தோல், மஞ்சள் முடி, நிறையப் பணம், கொஞ்சப் பேச்சு. அவ்வளவுதான். வந்தவர்கள் அந்தப் படத்தைத்தான் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யார், எங்களை இப்படி வரைந்தது யார், இந்தப் படத்துக்குள் அடங்காதவன் எங்கள் நாட்டுக்காரன் இல்லையா என்பதுதான் அவர்கள் கலை. சொந்த நாட்டைக் கிண்டல் செய்ய இத்தனை தூரம் டிக்கெட் போட்டு வருகிறார்களே என்று எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு டென்மார்க்காரர், சாதுவான மனிதர், தன் நாட்டைப் பற்றி உலகத்தில் யார் என்ன நினைக்கிறார்கள் என்று படம் எடுத்துக்கொண்டு வந்தார். மானாம்பதியில் ஒரு வீட்டில் அந்தக் கேள்வியை நான் தமிழில் கேட்டேன். டென்மார்க் என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர் பையிலிருந்து நீல நிறத்தில் வட்டமாக ஒரு பிஸ்கட் டப்பாவின் படத்தை எடுத்துக் காட்டினார். அந்த வீட்டுக்காரி முகம் மலர்ந்துபோய் உள்ளே ஓடினாள். அதே டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்ததாம். திறந்தால் உள்ளே ஊசி, நூல்கண்டு, ரவிக்கைக் கொக்கி. "இது ஊசி நூல் டப்பா ஆச்சே. இத்தப் போயி இன்னாத்துக்கு நாடுன்றாரு?" என்றாள்.

நாக்கு நுனியில் ஒரு மரியாதையான வாக்கியம் வந்து நின்றது. உங்கள் நாட்டின் தின்பண்டம் எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் மனிதர் சந்தோஷமாகப் போய்விடுவார். நல்லவேளை, அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, நீளமாகப் பேச முடியவில்லை. அவள் சொன்னதை மட்டும் அப்படியே சொன்னேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தன் அம்மாவும் அதே டப்பாவில் ஊசி நூல்தான் வைத்திருந்தாள் என்றார். அதன்பிறகு அவளும் அவரும் என்னை விட்டுவிட்டு, கையாலும் கண்ணாலுமே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அலங்காரம் செய்து கொடுத்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருக்காது.

இது லேசான கதை. பூசி மெழுகாமல் சொல்வது என்ன விலை கேட்கும் என்று எனக்குக் காட்டியவள் மாலின்.

மாலின் ஸ்வீடன்காரி. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நான் அவளைத் தாண்டிப் போய் வேறு யாரையோ தேடினேன். நம் பக்கத்து நிறம், நம் பக்கத்து மூக்கு. சென்னையில் ஒரு காப்பகத்திலிருந்து கைக்குழந்தையாகத் தத்துப் போனவள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். வண்டியில் ஏறியதும் என்னிடம் முதலில் சொன்னதே இதுதான்: "நான் அம்மாவைத் தேடி வரவில்லை. யார் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்."

யார் கேட்டாலும் என்றாளே, எல்லோரும்தான் கேட்டார்கள். தத்துப் போன பெண் திரும்பி வந்தால் அம்மாவைத் தேடித்தான் வருவாள் என்று பேப்பர் படித்து ஊரே முடிவு செய்திருந்தது. டீக்கடைக்காரர் கூரம் கிராமத்திலிருந்து ஒரு அம்மாளைக் கூட்டியே வந்துவிட்டார், சாயல் இருக்கிறதாம். அந்த அம்மாளும் பாவம், புடவை மாற்றிக்கொண்டு பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மாலின் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். திரும்பும்போது வண்டியில் சொன்னாள், "என் நாட்டில் பால் வாங்கப் போனால்கூட, நீ எந்த ஊர் என்பார்கள். ஸ்வீடன் என்றால், இல்லை, உண்மையில் எந்த ஊர் என்பார்கள். இங்கே வந்தால் நீங்களும் அதையே கேட்கிறீர்கள்." எனக்குச் சுருக்கென்றது. நானும்தான் முதல் நாள் மனசுக்குள் கேட்டிருந்தேன்.

அவள் வேலை இதுதான். ஸ்வீடன்காரன் என்றால் உலகத்துக்குத் தெரிந்த உருவம் கொம்பு வைத்த தொப்பி போட்ட வைகிங், அந்தக் காலத்துக் கடல்வீரன். உண்மையில் அவர்கள் யாரும் கொம்பு வைத்துக்கொண்டதில்லையாம். மேடை நாடகத்துக்காகப் பின்னாளில் யாரோ மாட்டிவிட்டது, பொம்மைக் கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்றாள். இப்போது பந்தயம் பார்க்கப் போகிற ஆட்கள் பிளாஸ்டிக் கொம்பை மாட்டிக்கொண்டு கத்துகிறார்களாம். அந்தக் கொம்பைத் தன் தலையில் வைத்தால் மட்டும் யாரும் ஸ்வீடன்காரி என்று ஒப்புக்கொள்வதில்லை என்றாள். அதனால் அந்தப் பொய் வைகிங்கை வேறு நாட்டு மண்ணில், வேறு நாட்டுக் கைகளால் செய்ய வைத்துப் படம் பிடிக்க வேண்டும். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனனை மண்ணால் ஆளுயரத்துக்குப் பல மடங்காகப் படுக்கவைத்துச் செய்வார்களே, படுகளம், அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

படுகள உருவம் போடுவதில் ஏகாம்பரம் என்பவர் கெட்டிக்காரர். நடு வயது, வெற்றிலை வாய், கூட நாலைந்து தம்பிமார். விஷயத்தைச் சொன்னேன். வைகிங் படத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"இன்னா மேடம், மாட்டுக் கொம்பு வச்சிக்கினு கீறான்?"

"அவங்க ஊர் வீரனாம்."

"மீச கீதா?"

"தாடியே இருக்கு."

"அப்ப சரி. போட்டுடலாம். அம்மன் பேர்ல போடற வேல இல்ல, கூலிக்குப் போடறது. ஆனா மொற ஒண்ணுதான், பாத்துக்கோ" என்றார்.

முறை ஒன்றுதான் என்று அவர் சொன்னதை நான் மாலினிடம் சொன்னேன். நன்றாகச் செய்து தருகிறேன் என்கிறார் போல என்று அவளும் எடுத்துக்கொண்டாள், நானும்தான். அந்த ஒரு வார்த்தைக்குள் என்னென்ன அடக்கம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம்.

சாலையோரம் ஒரு தரிசு நிலம் பேசினோம். ஆவணி வெயில். டிராக்டரில் ஏரி மண் வந்து இறங்கியது. மண் சுமக்கக் காலனியிலிருந்து பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நிற்பவள் ரோஸி. நாற்று நடுவாள், களை எடுப்பாள், சித்தாள் வேலைக்குப் போவாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைப் புடவையில் தேவாலயத்துக்குப் போவாள். மாலினை எல்லோரும் மாலினி என்றே கூப்பிட்டார்கள். ரோஸி ஒருத்திதான் அவளிடம் அம்மாவைப் பற்றிக் கேட்காதவள். "சாப்டியா?" என்று மட்டும் கேட்பாள். அந்த ஒரு வார்த்தையை மாலின் என் உதவி இல்லாமலே கற்றுக்கொண்டாள்.

மத்தியானம் தாண்டுவதற்குள் வைகிங் படுத்துவிட்டான். கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் என்று நிலத்தையே அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். கொம்பு வைத்திருந்தார்கள், தாடி வைத்திருந்தார்கள், கையில் கோடரி. ஆனால் ஏகாம்பரத்தின் கை துரியோதனனுக்கே பழகிய கை. மீசை மேல்நோக்கி முறுக்கிக்கொண்டு நின்றது. புஜத்தில் வங்கி நகை ஏறியிருந்தது. தொடைக்குள் செந்நீர்ப் பானையையும் வழக்கப்படி புதைத்துவிட்டிருந்தார். தொடையில் அடித்தால் ரத்தம்போல வழிவதற்காக வைப்பது அது. மாலின் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். எங்கள் ஊர்க்காரன் இவ்வளவு அழகாக எந்த நாட்டிலும் இருந்ததில்லை என்றாள்.

கண் மட்டும் பாக்கி. மாலின் ஒரு சின்ன டப்பாவில் நீலப் பொடி கொண்டுவந்திருந்தாள். ஸ்வீடன்காரன் என்றால் நீலக் கண். ஏகாம்பரம் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "பூனக்கண்ணா? சரி" என்று வாங்கிக்கொண்டார். ஏணியைப் போட்டு முகத்துப் பக்கம் போனவர், திரும்பி என்னிடம் ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"பொயுது சாயறதுக்குள்ள யாரு ஒடைக்கறது? அந்தப் பொண்ணேவா?"

படுகளத்தில் துரியோதனனை அன்றைக்கே உடைத்துவிடுவார்கள், ஆனால் இவன் கூலிக்குப் போட்டவன்தானே என்று நான் இருந்துவிட்டேன். மாலினின் திட்டம் எனக்குத் தெரியும். கம்பத்தின் உச்சியில் கேமரா கட்டியாகிவிட்டது. ஐப்பசி மழை வரும்வரை அவன் கண்ணைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடக்க வேண்டும், மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டும், அது முழுவதும் படமாக வேண்டும். அவள் ஊரில் ஒரு பெரிய கலைக்கூடத்தில் அதற்கென்று ஒரு கூடத்தையே ஒதுக்கியிருந்தார்கள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி ஒரு இடம். அது கைவிட்டுப் போனால் அடுத்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது.

அவளிடம் சொன்னேன். முகம் செத்துப்போயிற்று. உடைக்கப் போவதில்லை என்று சொல்லுங்கள் என்றாள். சொன்னேன்.

ஏகாம்பரம் ஏணியிலிருந்து இறங்கினார். கோபமெல்லாம் இல்லை. "கண்ணு தொறந்துட்டா அது வெறும் மண்ணு இல்ல மேடம். ஒடச்சே ஆவணும். ராத்திரி தாண்டி வுட்டு வச்சா ஊருக்கு ஆவாது. கண்ணு தொறக்கலன்னா பேஜார் இல்ல, எத்தினி நாள் வோணா கெடக்கட்டும். ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லு."

கண் இல்லாமல் கிடந்தால் அது என் வேலையே இல்லை, வெறும் மண்மேடு என்றாள் மாலின். இவன் உங்கள் கடவுளும் இல்லை, உங்கள் துரியோதனனும் இல்லை, ஸ்வீடன்காரன். உங்கள் முறை இவனுக்கு எப்படிப் பொருந்தும் என்றாள். அப்போது அவளுக்குப் போன் வந்தது, கலைக்கூடத்திலிருந்து. தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது. என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, இங்கிலீஷில் சொன்னாள்.

"கண் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் போனபிறகு நானே வரைந்துகொள்கிறேன். நான் இப்போது சொன்னதை மொழிபெயர்க்காதீர்கள்."

இதுதான் இடம். உங்களுக்கும் ஒருநாள் இது வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூலி கொடுப்பவள் அவள். வாய்க்கு வந்ததை அவள் சொல்லவில்லை, பொய் சொல்லும்படியும் கேட்கவில்லை. ஒரு வாக்கியத்தை விழுங்கிவிடு என்கிறாள், அவ்வளவுதான். விழுங்கியிருந்தால் மாலைக்குள் எல்லோரும் சிரித்த முகமாக வீட்டுக்குப் போயிருப்போம். ஏகாம்பரத்துக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. ஒரு வாரம் கழித்துச் சாலையில் போகிறவன் பார்த்துச் சொல்லும்வரை.

எனக்குக் கோபம் வந்தது என்பதுதான் உண்மை. மாலின்மேல் இல்லை, அந்த நிலைமையின்மேல். இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவளின் வாயில் ஒரு வாக்கியம் தங்கிவிட்டால், அதன்பிறகு அவள் சொல்கிற எதை யார் நம்புவது? சத்தமாகத் தமிழில் சொன்னேன். "நீங்க போனப்புறம் அவளே கண் வரைஞ்சுக்குவாளாம். அதை உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னா." பிறகு மாலினிடம் திரும்பி, நான் சொன்னது இதுதான் என்று இங்கிலீஷிலும் சொன்னேன்.

"நீங்கள் என்னிடம் வேலை செய்கிறீர்கள்!" என்று கத்தினாள். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

ஏகாம்பரத்தின் தம்பிமார் மண்வெட்டிகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஏகாம்பரம் மட்டும் நகரவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மாலினையே பார்த்துச் சொன்னார், அவளுக்குத் தமிழ் தெரியும்போல.

"இந்தா பாரும்மா. அவன் எந்த ஊரு ஆளா இருந்தா எனக்கு இன்னா? எங்க ஏரி மண்ணுல படுத்துட்டான் இல்ல? எங்க மண்ணுல படுத்தவன் எங்க ஆளு. எங்க ஆளுக்கு எங்க மொறதான்."

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். மறுபடி சொன்னேன். அவள் அந்த மண் உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் டிராக்டரில் வந்து இறங்கியவன். மாலைக்குள் அவனை எங்கள் ஆள் என்று ஒருவர் உரிமையோடு சொல்கிறார், அதற்காகச் சண்டைக்கும் நிற்கிறார். பிறந்த சில மாதத்திலிருந்து ஸ்வீடனில் சாப்பிட்டு, படித்து, வரி கட்டுகிற இவளைப் பார்த்து அந்த ஊரில் ஒருவர்கூட இதுவரை அப்படிச் சொன்னதில்லை. அவள் இதை என்னிடம் பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கண் கலங்கியது மட்டும்தான்.

அப்போதுதான் பின்னாலிருந்து ரோஸியின் குரல். இரும்புச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோலச் சொன்னாள்.

"காத்தால வந்து படுத்தவன் ஒங்க ஆளு. எத்தினியோ தலமொறையா இதே மண்ணுல பொறந்து இதே மண்ணுலயே படுத்துக்கினு கீறோம், நாங்க யாரு ஆளாம்?"

விஷயம் புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். படுகளம் உடைந்ததும் அந்த மண்ணை ஊரில் தலைக்கட்டுக்கு ஒரு பிடி கொடுப்பார்கள். நெல் கொட்டி வைக்கிற இடத்தில் போடுவார்கள், வயலில் தூவுவார்கள். நல்லது என்று நம்பிக்கை. காலனிக்கு அந்தப் பிடி போகாது. மண்ணைச் சுமந்து வந்து கொட்டுகிற கைக்கு மண்ணில் பங்கு கிடையாது. ஏகாம்பரத்துக்குப் பட்டென்று உறைத்தது. என்னைப் பார்த்து, "அத்தப் போயி அந்தப் பொண்ணாண்ட சொல்லாத மேடம்" என்றார்.

ஒரே நாளில், ஒரே இடத்தில், இரண்டு பக்கமும் சொல்லாதே என்றாயிற்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அவ சொன்னதை உங்ககிட்டச் சொன்னேன் இல்ல? அப்ப இதையும் சொல்லித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு, ரோஸி சொன்னதையும், அதைச் சொல்லாதே என்று அவர் சொன்னதையும், பிடி மண் கணக்கையும் மாலினிடம் சொன்னேன்.

மாலின் ரோஸியைப் பார்த்தாள். ரோஸி வேறெங்கோ பார்த்தாள். பிறகு மாலின் சொன்னாள், "கண் திறக்கச் சொல்லுங்கள். நான் உடைக்கிறேன். ஆனால் பிடி மண் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்."

ஏகாம்பரம் தலையைச் சொறிந்துகொண்டார். தம்பிமாரில் ஒருவன் என்னவோ முணுமுணுத்தான். அவர் அவனை ஒரு முறை முறைத்துவிட்டு ஏணியை எடுத்தார். மாலின் அவரிடம், நீலம் வேண்டாம், உங்கள் வழக்கப்படி கறுப்பே இருக்கட்டும் என்று சொல்லச் சொன்னாள். விட்டுக்கொடுக்கிறாளாம். ஏகாம்பரம் கையை ஆட்டிவிட்டார். "அவன் கண்ணு அவன் கண்ணு. நம்ம ஆளுன்னதுக்கோசரம் அத்த இன்னாத்துக்கு மாத்தணும்?" என்று நீலப் பொடியையே குழைத்தார்.

அந்த நீலக் கண்கள் திறந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முறுக்கு மீசையும் மாட்டுக் கொம்பும் நீலக் கண்ணுமாக, எந்த நாட்டிலும் இல்லாத ஒருவன் நம் ஏரிப் பக்கத்து வானத்தை வெறித்துக்கொண்டு கிடந்தான். இத்தனை வருடத்தில் இதுவா கலை என்று நான் எத்தனையோ முறை மனசுக்குள் அலுத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அலுத்துக்கொள்ளவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் மாலின் உலக்கையை எடுத்துத் தொடையில் அடித்தாள். முதல் அடி படவே இல்லை. இரண்டாவது அடியில் பானை உடைந்து செந்நீர் அவள் காலெல்லாம் தெறித்தது. பெண்கள் வழக்கம்போல விளக்குமாற்றால் நாலு சாத்துச் சாத்தினார்கள். படுகளத்தில் திரௌபதி கூந்தலை முடிகிற இடம் அது. இவளுக்கு முடியவே முடி இல்லையே என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதை மொழிபெயர்த்தபோது மாலினும் சிரித்தாள்.

பிடி மண் கொடுக்கிற நேரம் வந்தது. ஏகாம்பரம் குனிந்து நெஞ்சுப் பக்கத்து மண்ணை அள்ளினார். யாரைப் பார்த்து நீட்டுவது என்று அந்தக் கை ஒரு நிமிஷம் தயங்கியதை நான் பார்த்தேன். பிறகு ரோஸி நிற்கிற பக்கம் நடந்தார். "சொமந்தவளுக்கு மொதப் பிடி" என்றார். ரோஸி கையை நீட்டவில்லை. சட்டியைத்தான் நீட்டினாள். "நாப்பது சட்டி சொமந்துக்கீறேன். ஒரு பிடின்னா எப்டி? நெறையப் போடு" என்றாள். போட்டார். வேறு வழி?

மாலின் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்கிறவர்களுக்குப் பங்கு கிடையாது என்று பிடி மண் கணக்கைச் சொன்னபோது நான்தான் சொல்லியிருந்தேன். ரோஸிதான் அவள் கையைப் பிடித்து இழுத்து, "ஏய், ஒம் பங்க வாங்கிக்கினு போ" என்று கூட்டத்துக்குள் விட்டாள். ஏகாம்பரம் அவள் கையிலும் ஒரு பிடி வைத்தார். விமானத்தில் மண் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று நான் சொன்னதும் மாலின் விழித்தாள். "அப்ப எங்கூட்டுல வெச்சிக்கிறேன், வந்து பாத்துக்கோ" என்று ரோஸியே வாங்கித் தன் சட்டியில் தனியாக ஓரத்தில் வைத்துக்கொண்டாள். போய் வீட்டுப் பின்புறத்து முருங்கைக் கன்றின் அடியில் போட்டாள்.

மாதக்கணக்கில் ஓடவேண்டிய படம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. கலைக்கூடத்துக்காரர்கள் பெரிதாகக் கோபித்துக்கொண்டார்கள், கூடத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள். மாலின் சளைக்காமல் அந்த ஒருநாள் படத்தையே போட்டாள். கம்பத்து உச்சியிலிருந்து எடுத்தது, அதில் எங்கள் தலைகள்தான் தெரியும். என் முகம் கிடையாது, ஆனால் முழுக்க என் குரல். யார் யார் என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாதே என்றார்கள், எல்லாம். ஸ்வீடனில் யாரோ முகம் தெரியாதவர்கள் உத்திரமேரூர்க்காரி ஒருத்தியின் கட்டைக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. அந்தத் தரிசில் இப்போது மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று கண் தானாகத் தேடும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அன்று சொன்னதற்காக மாலின் என்னிடம் நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வண்டியில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். இந்த வேலையில் அதற்கெல்லாம் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். சொன்னதைச் சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வரப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் பொங்கலுக்கு அடுத்த நாள் அவள் எனக்கு வீடியோவில் கூப்பிட்டாள். நலம் விசாரித்துவிட்டு, முருங்கை எப்படி இருக்கிறது என்றாள். எனக்கு என்ன தெரியும்? கையில் போனைப் பிடித்தபடியே ஆட்டோ ஏறி ரோஸி வீட்டுக்குப் போனேன். முருங்கை கூரைக்கு மேல் போய்ப் பூத்துக் கிடந்தது. ரோஸி போனை வாங்கி, "சாப்டியா?" என்றாள். "சாப்டேன்" என்றாள் மாலின், தமிழில். பண்டிகைக்கு வந்திருந்த ரோஸியின் நாத்தனார் எட்டிப் பார்த்து, "யாருடி இது? அம்மாவத் தேடிக்கினு வந்துச்சே, அந்தப் பொண்ணா?" என்று கேட்டாள்.

"அட, அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் ரோஸி, முருங்கைப் பூவைக் கிள்ளிக்கொண்டே. "எங்க ஊரு பொண்ணு. ஸ்வீடன்ல வேலைக்கு கீது."

என்ன சொன்னாள் என்று மாலின் என்னிடம் கேட்டாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். சொன்னேன்.